எனக்கு ஒன்றும் இல்லை!

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் அதைப் பார்த்து ஒரு நிமிடமாவது நிற்பார்கள். பின்னால் ஒரு வெந்நீர் ஊற்று இரண்டு பனை உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கிறது. முன்னால் நான், என் மனைவி, நடுவில் பேரன். மூன்று பேர் முகத்திலும் சிரிப்பு. "கொடுத்து வைத்தவர் சார் நீங்கள்" என்பார்கள்.

அந்தப் படம் எடுத்த நேரத்தில் எனக்கு 101 டிகிரி காய்ச்சல். அது என் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும்.

இந்தக் கதையை இத்தனை நாள் இங்கே எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான். இப்போது எழுதுவதற்குக் காரணம், போன திங்கட்கிழமை காலை பார்க்கில் நடந்த பேச்சு. எங்கள் வாக்கிங் கோஷ்டியில் ஒருவர், வயது 73, அடுத்த மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகிறார். மாப்பிள்ளை பெரிய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, காடு மலை எல்லாம் பத்து நாள் சுற்றிக் காட்டப் போகிறாராம். சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், மாடிப்படி ஏறினால் ஒரு மாதமாகத் தலை சுற்றுகிறது என்றும் சொன்னார். "மகளிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன். "எதுக்கு சார்? பாவம், எட்டு மாசம் முன்னாடியே புக் பண்ணியிருக்குதுங்க. எனக்கு ஒன்றும் இல்லைன்னு சொல்லிட்டா முடிஞ்சுது" என்றார். சுற்றி இருந்த நாலு பேரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர், "பெத்தவங்கன்னா அதுதானே சார்" என்று பாராட்டவும் செய்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அங்கே ஒன்றும் பேச முடியவில்லை. அந்தக் கோபத்தை இங்கே எழுதுகிறேன். நண்பர் மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, படிக்க வேண்டும்.

2023 ஜூன் கடைசி. டாலஸில் மகன் வீட்டில் இருந்தோம். மகன் குளிர்காலத்திலேயே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகத் திட்டம் போட்டு, உள்ளே வண்டி நிறுத்தும் இடங்களுக்கு முன்பதிவு செய்து வைத்திருந்தான். கோடையில் அங்கே இடம் கிடைப்பது திருப்பதி சேவை டிக்கெட் கிடைப்பது மாதிரி. சால்ட் லேக் சிட்டி வரை விமானம், அங்கே கேம்பர் வேன் வாடகைக்கு, பிறகு ஐந்து பேரும் ஆறு நாள் அந்த வண்டியிலேயே வாசம். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே. சுருக்கமாகச் சொன்னால், ஒரு ஒண்டுக் குடித்தனத்துக்குச் சக்கரம் வைத்தது போல.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் எனக்குத் தொண்டை கரகரத்தது. முதல் நாள் இரவு குளிர்க் காய்ச்சல். மனைவி தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, சொல்லிடலாமே" என்றாள். "வாயை மூடு, புள்ள எவ்வளவு ஆசையா இருக்கான்" என்றேன். இரண்டு பாராசிட்டமால் போட்டேன். காலையில் மகன் வழக்கமாகக் கேட்பதுபோல, "அப்பா, ஓகேவா?" என்று கேட்டான். "எனக்கு ஒன்றும் இல்லை" என்றேன். வழிநெடுக நான் சொன்ன பொய்களில் அதுதான் முதல்.

யெல்லோஸ்டோன் சாதாரண இடம் இல்லை. 1872 மார்ச் 1-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி யுலிசிஸ் கிராண்ட் கையெழுத்துப் போட்டு உண்டான பூங்கா. உலகத்திலேயே முதல் தேசியப் பூங்கா என்று அதைத்தான் சொல்வார்கள். பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில், விளிம்புகள் மொன்டானாவிலும் ஐடஹோவிலும். பரப்பு சுமார் 9,000 சதுர கிலோமீட்டர், நம் இரண்டு மாவட்டத்துக்குச் சமம். பூமிக்கடியில் எரிமலைச் சூடு இருப்பதால் வெந்நீர் ஊற்றுகளும், கொதிக்கும் சேற்றுக் குளங்களும், ஆவி கக்கும் துளைகளுமாக 10,000-க்கு மேல் இருக்கின்றன. பீய்ச்சி அடிக்கும் ஊற்றுகள் மட்டும் 500-க்கு மேல். அவற்றில் பெயர்போனது ‘ஓல்ட் ஃபெய்த்ஃபுல்’. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் கொதிநீரை 100 அடிக்கு மேல் வீசும். ‘விசுவாசமான கிழவர்’ என்று நான் மொழிபெயர்த்துக்கொண்டேன்.

ஆனால் போகும் முன் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளாத ஒரு விஷயம் உண்டு. அதன் உயரம். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இருக்கும் இடம் ஏறக்குறைய 7,350 அடி. நம் ஊட்டி உயரம். கொதிநீரும் ஆவியும் என்று கேட்டதால் என் மனம் அதைச் சமவெளி என்றே நினைத்துக்கொண்டது. பூங்காவைச் சுற்றி வரும் சாலையில் ஒரு கணவாய் 8,859 அடி, நம் தொட்டபெட்டாவைவிட உயரம். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதே கணக்குத்தான். என் மனைவி வண்டியில் திறந்த பாத்திரத்தில் சாதம் வைத்தபோது அரிசி வேகவே இல்லை. அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதனால் சூடு போதவில்லை. டாலஸிலிருந்து குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்ததால் தப்பித்தோம். அரிசிக்குக் குக்கர் இருந்தது. என் நெஞ்சுக்கு என்ன இருந்தது?

மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். ஃபியூஸ் போனால் அதற்குரிய கம்பியைப் போடாமல், கையில் கிடைத்த தடிமனான கம்பியை முறுக்கிக் கட்டுகிற ஆட்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! "யோவ், ஃபியூஸ் போறது உனக்கு எச்சரிக்கைய்யா. அதை அடைச்சுட்டா வீடே எரியும்" என்பேன். அதே நான் ஆறு மணி நேரத்துக்கு ஒரு பாராசிட்டமால் போட்டு என் காய்ச்சலை அடைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல்தான் அடங்கியது. உள்ளே இருந்த நோய் அடங்கவில்லை.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றும் செய்தேன். வயசானவர்கள் படிக்கிற இடம் இது, அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எனக்கு இருதயம் கொஞ்சம் சோர்வாக வேலை செய்கிறது என்று திருச்சியில் டாக்டர் தினமும் காலையில் ஒரு நீர் மாத்திரை கொடுத்திருக்கிறார். அதைப் போட்டால் மதியத்துக்குள் ஐந்தாறு தடவை போக வேண்டும். வேனில் கழிப்பறை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அலமாரி அளவில் இருக்கிறது. அதன் கதவுக்கு மூன்று அடி தள்ளி மருமகள் படுக்கை. அதோடு, கழிவு எல்லாம் வண்டிக்கு அடியில் ஒரு தொட்டியில் சேரும். நிரம்பினால் அதற்கென்று இருக்கும் இடத்துக்கு வண்டியை ஓட்டிப் போய், தடிமனான குழாய் ஒன்றை மாட்டித் திறந்துவிட வேண்டும். அமெரிக்காவில் அதற்கு ஆள் கிடையாது. இரண்டாம் நாள் காலையில் என் மகன், சாஃப்ட்வேர் கம்பெனியில் நாற்பது பேரை வேலை வாங்குகிறவன், கையுறை மாட்டிக்கொண்டு குனிந்து அந்தக் குழாயைச் செருகுவதைப் பார்த்தேன். எனக்கு மனசு தாங்கவில்லை. அன்றிலிருந்து நீர் மாத்திரையை நிறுத்தினேன். தண்ணீர் குடிப்பதையும் பாதியாகக் குறைத்தேன்.

நம்மில் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்! ராமேஸ்வரம் போனாலும், கல்யாணத்துக்கு வேனில் போனாலும், "இன்னைக்கு மட்டும் நீர் மாத்திரை வேண்டாம்" என்று நாமே டாக்டராகிவிடுகிறோம். கையைத் தூக்கச் சொன்னால் எங்கள் பார்க்கில் பாதிப் பேர் தூக்குவார்கள்.

இப்படித்தான் அந்தப் புகைப்படம் எடுக்கப்பட்டது. ஊற்று பீய்ச்சி அடித்தபோது எல்லோரும் ‘ஓ’ என்று கத்தினார்கள். நான் எதைப் பார்த்தேன் என்று உண்மையாகச் சொல்லட்டுமா? உட்கார எங்கே பெஞ்ச் இருக்கிறது என்று பார்த்தேன். அடுத்து ‘கிராண்ட் பிரிஸ்மாடிக்’ என்ற குளம். அமெரிக்காவிலேயே பெரிய வெந்நீர் ஊற்று, குறுக்களவு 370 அடி. நடுவில் நீலம், ஓரத்தில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. சூட்டைத் தாங்கும் நுண்ணுயிர்கள்தான் விளிம்பில் அந்த நிறங்களைக் கொடுக்கின்றன. பேரன் கையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, ரெயின்போ பாரு" என்றான். எனக்குத் தெரிந்தது, மரப்பலகைப் பாதை இன்னும் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான். மூன்றாம் நாள் ஹேடன் பள்ளத்தாக்கில் காட்டெருமை மந்தை சாலையை மறித்து நின்றது. அரை மணி நேரம் எல்லா வண்டியும் நின்றது. மற்றவர்கள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, அப்பாடா, கொஞ்ச நேரம் யாரும் இறங்கச் சொல்ல மாட்டார்கள் என்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிள்ளை செலவழித்த காசு வீணாகக் கூடாது என்றுதானே மறைத்தேன்? என் பங்குக் காசு முழுக்க வீண்தான். உலகத்தின் முதல் தேசியப் பூங்காவில் நான் பார்த்தது பெஞ்சுகளை.

மூன்றாம் நாள் இரவு ஏரிப் பக்கம் ‘ஃபிஷிங் பிரிட்ஜ்’ என்ற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். 7,700 அடிக்கு மேல். அங்கே துணிக் கூடாரம் போட அனுமதி இல்லை, சுவர் உள்ள வண்டிகள் மட்டும்தான். காரணம் கரடி. அது கரடிகள் நடமாடும் பகுதி. கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் 100 கஜம், மற்ற பெரும்பாலான விலங்குகளிடமிருந்து 25 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் சட்டம். சாப்பாட்டுச் சாமானை வெளியே வைக்கக் கூடாது என்று வந்ததுமே சொல்லிவிட்டார்கள்.

இரவு இரண்டு மணிக்கு எனக்கு மூச்சு வாங்கியது. படுத்தால் தண்ணீருக்குள் அமுக்குவது மாதிரி, உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. கால் இரண்டும் வீங்கி, சாக்ஸ் அச்சு ஆழமாகப் பதிந்திருந்தது. மனைவி என்னைக் கேட்கவில்லை. நேராகப் போய் மகனை எழுப்பினாள். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் அவனிடம் கொட்டினாள்.

அவன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதில் கோபமே இல்லை. அடிபட்ட முகம்.

அவன் போனில் சிக்னல் இல்லை. வண்டியை எடுக்கலாம் என்றால் மின்சாரம், தண்ணீர், கழிவு என்று மூன்று குழாயும் கம்பியும் மாட்டியிருக்கிறது. இருட்டில் கழற்றி, பொருள்களை எல்லாம் கட்டி வைத்து, இருபத்தைந்து அடி வண்டியைத் திருப்ப நேரமாகும். டார்ச்சை எடுத்துக்கொண்டு, ஜாக்கெட்கூடப் போடாமல், அந்தக் குளிரில் கரடிக் காட்டில் ஓடினான் என் பிள்ளை. மருமகள் வாசல்படியில் நின்று அழுதாள். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று மூன்று நாளாக வேஷம் போட்டேனே, அந்த வேஷத்தின் பலன் அந்த ஓட்டம்தான். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

அவன் தட்டியது நாலு வண்டி தள்ளி நின்ற ஒரு வேனை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். இந்தக் கட்டுரையே இந்த இடத்துக்காகத்தான்.

அந்த வேனில் ஒரு அமெரிக்கத் தம்பதி. அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். மூக்கில் பிராணவாயுக் குழாய். நுரையீரல் நோய்க்காரர். அந்த அம்மாள் இரண்டே நிமிடத்தில் எங்கள் வண்டிக்கு வந்து, தன் கணவருடைய விரல் கருவியை எடுத்து என் விரலில் மாட்டினார். 82 காட்டியது. தன் போனில் 911-க்குப் பேசினார். அவர்களுடைய போன் கம்பெனிக்கு அங்கே சிக்னல் இருந்தது. ரேஞ்சர்கள் ஆம்புலன்ஸுடன் வரும் வரை என் முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தார். அவர்கள் வண்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்ததாம். கணவருக்கு என்ன நோய், என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, டாக்டர் போன் நம்பர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் பெரிய எழுத்தில். பின்னால் மகன் சொன்னான்.

அந்த மனிதருக்கு என்னைவிடப் பெரிய வியாதி. ஆனால் அவர் வியாதியை மறைத்துக்கொண்டு வரவில்லை, அதையும் கூட்டிக்கொண்டு சுற்றுலா வந்திருந்தார். எங்கே நிற்பது, எவ்வளவு நடப்பது, எப்போது திரும்புவது என்று அதையும் ஒரு பயணியாகக் கணக்கில் சேர்த்திருந்தார். அதனால் அவர் அங்கே ஊற்றையும் எருமையையும் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

ஆகவே, உடம்பு சரியில்லாதவர்கள் எங்கேயும் போகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லிவிட்டுப் போங்கள் என்கிறேன்.

மீதிக் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். பிராணவாயு வைத்து, மலையை விட்டு இறக்கி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணமாக ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நிமோனியா, நீர் மாத்திரையை நிறுத்தியதால் உடம்பில் சேர்ந்த நீர், உயரம், மூன்றும் சேர்ந்துகொண்டது என்றார் டாக்டர். "தொண்டை வலித்த அன்றே டாலஸில் ஒரு டாக்டரைப் பார்த்திருந்தால் இங்கே வந்திருக்க மாட்டீர்கள்" என்றும் சொன்னார். மூன்று நாள் படுக்கை. அதற்குள் பேரனுக்குக் காய்ச்சல். ஆறு வயசுக் குழந்தையோடு மூடிய தகரப் பெட்டிக்குள் மூன்று நாள் இருமிக்கொண்டிருந்தேனே, வேறு எங்கிருந்து வந்திருக்கும்? நல்லவேளை, அவனுக்கு நாலு நாளில் சரியாகிவிட்டது.

இன்சூரன்ஸ்? எடுத்திருந்தேன். ஆனால் படிவத்தில் ‘ஏற்கெனவே உள்ள நோய்கள்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தேன். பிரீமியம் குறையுமே! பணத்தில் பெரும்பகுதி வரவில்லை. கம்பெனி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கேட்டார்கள், நான் மறைத்தேன். மிச்சத்தை மகன் தவணையில் கட்டினான். எவ்வளவு என்று அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை அது என் மூன்று வருட ஓய்வூதியத்துக்குக் குறையாது.

இனி என் நண்பருக்கும், தலையாட்டிய நால்வருக்கும் சில வார்த்தை.

"பிள்ளைகள் பாவம், லீவு கிடைப்பதே கஷ்டம்" என்கிறீர்கள். சரி. நான் முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன நஷ்டம்? டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கியிருப்போம். ஒருவேளை பயணம் ரத்தாகி முன்பணம் போயிருக்கும். அல்லது நானும் மனைவியும் டாலஸிலேயே தங்கி, அவர்கள் மூவரும் போய்க் குழந்தையோடு சந்தோஷமாகச் சுற்றியிருப்பார்கள். சொல்லாததால் அந்த லீவும் போனது, பணமும் போனது, குழந்தைக்கும் காய்ச்சல் வந்தது. கணக்குத் தெரிந்தவர்கள்தானே நாமெல்லாம்? கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

"அமெரிக்காவில் டாக்டர் செலவு யானை விலை" என்கிறீர்கள். உண்மை. அதனால்தான் சின்னச் செலவிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். தொண்டை வலிக்குப் பார்ப்பது யானை விலை என்றால், ஆம்புலன்ஸும் மூன்று நாள் படுக்கையும் எந்த மிருகத்தின் விலை?

"நம் பெரியவர்கள் காலத்தில் யார் இதையெல்லாம் சொன்னார்கள்? பொறுத்துக்கொண்டு போகவில்லையா?" என்கிறீர்கள். இதற்குத்தான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது. என் அப்பா சர்க்கரை வியாதிக்காரர். என் அக்கா கல்யாணத்தின்போது அவர் காலில் புண். பதினைந்து நாள் வேட்டியைத் தழையக் கட்டி மறைத்துக்கொண்டு, பந்தல்காரன் வீட்டுக்கும் சமையல்காரர் வீட்டுக்கும் அலைந்தார். கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. அடுத்த மாதம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஊரே என்ன சொன்னது தெரியுமா? "மனுஷன்னா அவர்தான்யா, கல்யாணம் முடியற வரைக்கும் முகத்துல காட்டலையே!" அந்தப் பாராட்டைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அப்பாவைக் குளிக்க வைத்து, தூக்கி உட்கார வைத்து, கட்டுப் போட்டது அம்மா. அம்மாவை யாரும் பாராட்டியதாக எனக்கு நினைவில்லை.

மறைப்பதற்குத் தியாகம் என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். நிதானமாக யோசித்தால் அதில் பாதி கௌரவம். பிள்ளை முன்னால் பலவீனமாகத் தெரியக் கூடாது, மருமகள் முன்னால் நாலு தடவை பாத்ரூம் போகக் கூடாது, அவன் குழாய் மாட்டுவதைப் பார்க்கக் கூடாது. எல்லாம் என் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கான விலையைக் கட்டியது அவர்கள். சின்ன வயதில் அவன் மலத்தை நான் அள்ளவில்லையா? அப்போது எனக்கு அருவருப்பா இருந்தது? பிறகு அவனுக்கு மட்டும் இருக்கும் என்று நானாக ஏன் முடிவு செய்தேன்?

இன்னொன்று. என் மனைவியை நான் பொய்க்குக் கூட்டாளி ஆக்கினேன். "வாயை மூடு" என்றேன். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால், "உனக்குத் தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்ற கேள்வியோடு அவள் மிச்ச நாளைக் கழித்திருப்பாள். மறைக்கிற ஆண்களே, உங்கள் வீட்டு அம்மாவை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அந்தப் பாவத்தை அவர்கள் தலையில் ஏற்றாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை உண்டு. இதைப் படிக்கும் பெரியவர்கள் தயவுசெய்து அவர்களுக்கு அனுப்புங்கள். "அப்பா, ஓகேவா?" என்று கேட்காதீர்கள் கண்களா. அந்தக் கேள்விக்கு எங்களுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். "ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க? நீர் மாத்திரை போட்டாச்சா? அட்டையைக் காட்டுங்க" என்று கேளுங்கள். பயணத் திட்டம் போடும்போது போகிற இடத்தின் உயரம் என்ன, பக்கத்தில் டாக்டர் எத்தனை மணி நேர தூரத்தில் என்று பாருங்கள். அங்கே பூங்காவுக்குள் மூன்று கிளினிக்குகள் உண்டு, அதில் இரண்டு கோடையில் மட்டும்தான் திறந்திருக்கும். எங்கள் வீட்டில் இதை யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. முக்கியமாக, "எட்டு மாசம் முன்னாடியே புக் பண்ணினது" என்ற வாக்கியத்தை எங்கள் காதில் விழும்படி பத்துத் தடவை சொல்லாதீர்கள். நீங்கள் ஆசையாகச் சொல்கிறீர்கள். எங்கள் காதில் அது ‘நோயாளியாக வராதே’ என்று விழுகிறது.

ஆஸ்பத்திரியில் மகன் என்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அப்பா, எனக்கு உடம்பு சரியில்லைன்னா நான் உங்ககிட்ட மறைக்கலாமா?" நான் பதில் சொல்லவில்லை. மறைத்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

இப்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அந்த அமெரிக்க அம்மாளுடைய யோசனை. நானும் என் மனைவியும் போடும் மாத்திரைகள், அளவு, டாக்டர் நம்பர், பிள்ளை நம்பர். ஒரு நகல் என் சட்டைப் பையில். ஆகஸ்டில் கொடைக்கானல் போகிறோம். அதுவும் ஏறக்குறைய 7,000 அடிதான். டாக்டரிடம் கேட்டாகிவிட்டது. நீர் மாத்திரையோடுதான் போகிறேன். டிரைவரிடம் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "தாராளமா நிறுத்தலாம் சார்" என்றார். அவ்வளவுதான் விஷயம். இதற்கா அத்தனை வெட்கப்பட்டேன்!

நண்பரே, உங்களுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. தலைசுற்றலுக்கு டாக்டரைப் பாருங்கள். அதற்கு முன்னால், இன்று இரவு மகள் பேசும்போது, "எனக்கு ஒரு மாசமா தலை சுத்துதும்மா" என்று சொல்லிவிடுங்கள். நாளைக் காலை பார்க்கில் முதல் ரவுண்டிலேயே கேட்பேன். "சொன்னேன்" என்றால் காபி என் கணக்கு. "எனக்கு ஒன்றும் இல்லை" என்றால், உங்கள் மகளின் நம்பர் என்னிடம் இருக்கிறது.